நிச்சயதார்த்தத்தில் வைத்த மல்லாட்டை

சுரங்கத்துக்குப் போகும் பஸ் வந்து நிற்கும் இடத்தில், ஒரு வாகை மரத்தடியில், பதினெட்டு வருஷம் கூடை வைத்துத் தீனி விற்றவள் நான். படிப்பு அதிகம் கிடையாது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதையும் அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தாக வைத்து எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் தீனி வயிற்றில் எத்தனை நேரம் உட்காரும், எது உட்காராமலே எழுந்து போய்விடும் என்று கேட்டால், இந்த டவுன்ஷிப்பில் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் கிடையாது.

என் கூடையில் எல்லாம் இருக்கும். பொரி, முறுக்கு, மிக்சர், சுண்டல், மரவள்ளிக்கிழங்கு, மாங்காய்ப் பத்தை, அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மத்தியானம் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து நிற்பார்கள். ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை. நடுவில் வயிறு கத்தாமல் இருக்க வேண்டும்.

சுரங்கத்தில் கரி ஏற்றும் பெல்ட்டில் வேலை பார்த்த தம்பி ஒருவர் தினமும் பொரிதான் வாங்குவார். ஒரு நாள் கேட்டார்:

"யக்கா, இந்தப் பொரி பத்து மணி வரைக்கும் தாங்குமா?"

"பொரி பஸ்ஸு சுரங்க கேட்டத் தாண்டுற வரைக்கும்கூட தாங்காது, தம்பி."

"அப்ப ஏங்க்கா விக்கிற?"

"நீ கேக்கற, குடுக்கறன். வயித்துக்குன்னு கேட்டா சுண்டல் குடுப்பன். வாய்க்குன்னு கேட்டா பொரி குடுப்பன். எதுக்கு வேணும்னு நீதான் சொல்லணும்."

அன்றைக்கு அவர் சுண்டல் வாங்கிப் போனார். மறுநாளும் சுண்டல்தான். அதற்கப்புறம் அவர் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து, "வயித்துக்குக் குடுக்கா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வாய்க்கு ஒரு பசி உண்டு, வயிற்றுக்கு ஒரு பசி உண்டு. முறுக்கு, மிக்சர் இதெல்லாம் வாயோடு பேசுகிற தீனி. உப்பும் எண்ணெயும் காரமும் நாக்கில் பட்டதும் கை தானாக மறுபடி பொட்டலத்துக்குள் போகும். பொட்டலம் தீர்ந்திருக்கும், பசி தீர்ந்திருக்காது. பிஸ்கட் அதைவிட மோசம், டீயில் கரைகிற மாதிரியே வயிற்றிலும் கரைந்துவிடும். மாங்காய்ப் பத்தை வேறு ஜாதி. அது பசியை அடக்காது, எழுப்பிவிடும். எங்கள் ப்ளாக்கில் பெருக்குகிற வேலைக்கு வந்த ஒரு பெண், மூன்று மாசம் முழுகாமல் இருந்தவள், சோற்றைக் கண்டாலே ஓடுவாள். தினமும் பதினோரு மணிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ரெண்டு பத்தை கொடுத்தேன். ஒரு மணிக்கு டிபன் பாக்சை வழித்துச் சாப்பிட்டாள். "யக்கா, உன் மாங்காயால என் வூட்டுல அரிசி சீக்கிரம் தீர்ந்துடுது" என்று என்னையே குறை சொன்னாள்.

இதில் ராஜா மல்லாட்டைதான். தோலோடு அவித்தது. அதை அள்ளி வாயில் போட முடியாது. ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும், உப்புத் தண்ணீரை உறிஞ்ச வேண்டும், பருப்பை எடுத்து மெல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவனோடு நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்குள் வயிற்றுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மிக்சர் தின்கிறவன் வயிற்றுக்குச் செய்தி போவதற்குள் பொட்டலத்தைக் காலி செய்திருப்பான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த அறிவு ஒரு நாள் என் மானத்தைக் காத்தது. காத்த கையோடு அதைப் போக்கவும் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் கடைசி மகளுக்கு நிச்சயதார்த்தம். டச் போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கிடந்து, அப்புறம் பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்து நாங்கள் டவுன்ஷிப்புக்குள் வந்திருந்தோம். பர்மனென்ட் ஆனவர் பெண்டாட்டி கூடை தூக்கலாமா என்று கேட்டார்கள். தூக்கினேன். கேட்டவர்களும் என்னிடம்தான் சுண்டல் வாங்கினார்கள்.

மாப்பிள்ளை வீடு குள்ளஞ்சாவடிப் பக்கம். மாப்பிள்ளை வடலூரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பாவுக்கும் எங்கள் வீட்டுக்காரரைப் போலச் சுரங்கத்தில்தான் வேலை, ஆனால் வேறு கேங்க். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் சம்பந்தி, நிலத்தில் பாடுபட்ட பொம்பளை. கண் கூர்மை. ஒரு பார்வையிலேயே வீட்டில் எத்தனை பாத்திரம் என்று எண்ணிவிடும்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. என் அக்கா கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு பத்தவில்லை. மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம், அந்த வருஷம் மழையும் இல்லை, என்ன செய்ய முடியும்? ஆனால் ஜனங்கள் அதையெல்லாமா நினைப்பார்கள்? "சோறு பத்தாத வூடு" என்று ஒரு பெயர் வைத்தார்கள். பத்து வருஷம் அந்தப் பெயர் எங்களோடு நடந்தது. என் கல்யாணப் பேச்சில்கூட அது வந்து உட்கார்ந்தது. அதனால் என் மகள் நிச்சயத்தில் ஒரே ஒரு வேண்டுதல்தான் எனக்கு. வந்தவர் யாரும் இலையில் உட்கார்ந்து, இல்லை என்ற வார்த்தையைக் கேட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊரில் விருந்துக்குத் தலை எண்ணுவது வேறு மாதிரி. வெளியூர்க்காரர்கள் பத்திரிகையை வைத்து எண்ணுவார்கள், நாங்கள் ஷிப்டை வைத்து எண்ணுவோம். சாயந்தர விசேஷம் என்றால் முதல் ஷிப்டுக்காரர்கள் வருவார்கள், வேலை முடிந்து குளித்திருப்பார்கள். மூன்றாம் ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே டூட்டிக்குப் போவார்கள். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் வர முடியாது, பிள்ளையிடம் மொய்க் கவரைக் கொடுத்தனுப்புவார்கள். அவர்களுக்கு இலை போட வேண்டியதில்லை.

முதலில் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம். மாப்பிள்ளையின் அப்பா கேங்க் அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அவர் லீவு போடுவார், அவருடைய ஆட்கள் யாரும் வர முடியாது. அப்படியானால் நூற்றைம்பது இலை போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சமையல் மாஸ்டரிடமும் நூற்றைம்பது என்று சொல்லிவிட்டோம். அப்புறம் சம்பந்தியம்மா போன் போட்டு, வெள்ளிக்கிழமையைவிடத் திங்கட்கிழமை நல்ல நாளாம், ஜோசியர் சொன்னாராம் என்றது. நாங்களும் சரி என்றோம். பந்தல்காரரிடம் சொன்னோம், பூக்காரியிடம் சொன்னோம், மாஸ்டரிடம் சொன்னோம், எல்லாரிடமும் சொன்னோம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஷிப்ட் மாறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முப்பது வருஷம் ஷிப்டில் புரண்ட மனுஷர் என் வீட்டுக்காரர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஷிப்ட் சொல்வார். ஒரு வாரம் லீவு போட்டதில் ஷிப்ட் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. தட்டுகளை இறக்கினார்கள், உட்காரவைத்தோம். நாலரை மணிக்குப் பைக் சத்தம் கேட்டது. ஒன்று, ரெண்டு, பத்து, அப்புறம் எண்ணவே முடியவில்லை. நெற்றியில் விபூதி, துவைத்த வெள்ளைச் சட்டை, முகத்தில் பவுடர். முழு கேங்க். காலையில் ஆறு மணிக்கு இறங்கி மண்ணோடும் கரியோடும் மல்லுக்கட்டி, ரெண்டு மணிக்கு ஏறி வந்த ஆட்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு.

"வாங்க வாங்க" என்று கை கூப்பிய என் வீட்டுக்காரர் அப்படியே பின்பக்கம் ஓடி வந்தார். 

"தே, ஷிப்டு மாறிப்போச்சு." என்னை அவர் 'தே' என்றுதான் கூப்பிடுவார்.

"யாருக்கு?"

"சம்மந்தி கேங்குக்கு. இன்னிக்கு அவங்க முதல் ஷிப்டு. அல்லாரும் வந்துட்டாங்க."

"நீ எண்ணலியா?"

"எண்ணனன். வெள்ளிக்கெழமைக்கு எண்ணனன்."

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். "யம்மா, இரநூறத் தாண்டும்போல இருக்கே. சோறு வேணும்னா இன்னொரு ஒல வெச்சு வடிச்சிடலாம். சாம்பாருக்கு எங்க போறது? கூட்டு, வட, பாயசம்? தண்ணி ஊத்தி நீட்டனா அந்தம்மா ஒரு வாய்லயே கண்டுபுடிச்சிடும்."

"கட வீதிக்கு ஆள் அனுப்பலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அனுப்பு. காய் மூட்டையத் தூக்கிகினு எந்த வழியா வருவாங்க? பந்தல் நடுவுல, சம்மந்தி காலத் தாண்டித்தான் வரணும்" என்றேன். வீட்டுக்கு அந்த ஒரு வழிதான். நிச்சயம் நடந்துகொண்டிருக்கும்போது பெண் வீட்டுக்குக் கத்தரிக்காய் மூட்டை வருகிறது என்றால், அதற்கப்புறம் மைக் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்டர் அடுத்ததைச் சொன்னார். "பஜ்ஜி மாவு ரெடியா இருக்கு. போட்டுடட்டுமா? மிக்சரும் டின்னுல இருக்கு. ஜனங்க பசியா வந்திருக்காங்க."

அந்த வார்த்தைதான் என்னை நிற்கவைத்தது. பசியாக வந்தவனுக்குப் பஜ்ஜியும் மிக்சரும் கொடுத்தால் என்ன ஆகும்? வாய் திறந்துகொள்ளும். ஏழு மணிக்கு இலையில் உட்காரும்போது முதலில் இருந்ததைவிட அதிகப் பசியோடு உட்காருவான். பதினெட்டு வருஷம் பார்த்தவள் நான்.

சுவர்ப்பக்கம் திரும்பினேன். துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை சாய்ந்து கிடந்தது. என் தம்பி அன்று காலையில் கொண்டுவந்து போட்டது. குத்தகை நிலத்தில், எங்கள் பேச்சில் கொல்லையில், பிடுங்கி, செடியிலிருந்து ஆய்ந்த பச்சை மல்லாட்டை. இன்னும் மண் வாசனை போகவில்லை.

"மாஸ்டர், பஜ்ஜி வாணாம். மிக்சர் டின்ன எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில தள்ளு. தண்ணி காய வெக்கிற அண்டாவ எறக்கு. மூணு கல்லக் கூட்டு."

என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்ததும் துள்ளினார். "நிச்சயத்துல அவிச்ச மல்லாட்டையா? காட்டுல களையெடுக்கறவளுக்குக் குடுக்கறத சம்மந்திக்குக் குடுப்பியா? சிரிச்சிட மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும். சோறு பத்தலன்னு சொல்லாம இருந்தா போதும். நீ போயி முன்னாடி பேசிகினு இரு. பேச்ச மட்டும் நிறுத்தாத."

உள்ளே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த என் மகளுக்கும் செய்தி போய்விட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "எம்மா! மல்லாட்டயா? அவங்க போட்டோல்லாம் எடுக்கறாங்கம்மா!"

"எடுக்கட்டும். நீ நெத்திச் சுட்டிய நேரா வை."

மல்லாட்டையை ரெண்டு தண்ணீர் கழுவி அண்டாவில் கொட்டினோம். கல் உப்பு கை நிறைய. மூடி போட்டுக் கட்டையைத் தள்ளினேன். வெந்துகொண்டிருக்கும்போதே வாசனை பந்தலுக்குப் போய்விட்டது. அது எனக்கே தெரியாமல் கிடைத்த உதவி. முறத்தில் வாழை இலை போட்டு, ஆவி பறக்க அள்ளி, நானே முதல் முறத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனேன்.

  மாப்பிள்ளையின் அப்பா கேங்கில் மூத்தவர் ஒருவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"யப்பா, மல்லாட்டடா! பச்ச மல்லாட்ட! எந்தக் கொல்லைது அண்ணி?"

"என் தம்பி கொல்லைது. காலைலதான் புடுங்கனது."

"இங்க வை, இங்க வை. கேசரியும் பஜ்ஜியும் எங்க போனாலும் போடுவாங்க. இத யாரு போடுவா?"

அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் வரிசை கலைந்து வட்டம் வட்டமாக ஆகிவிட்டன. நடுவில் முறம். பிதுக்குகிறார்கள், உறிஞ்சுகிறார்கள், மெல்லுகிறார்கள். எவன் கொல்லையில் எத்தனை மூட்டை கண்டது, மழையில் எவனுக்கு முளைத்துப்போனது, எந்த மேஸ்திரி சின்ன வயசில் மல்லாட்டை திருடி அடி வாங்கினான் என்று ஒரே சிரிப்பு. பெரியவர் ஒருவர் நிச்சயப் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் பிதுக்கிய மல்லாட்டையின் தண்ணீர் பீச்சி அவர் கண்ணாடியில் விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இன்னாரு மகளை இன்னாரு மகனுக்கு, யாருடா அவன், கொடுக்கச் சம்மதித்து" என்று விடாமல் வாசித்தார். பந்தலே அதிர்ந்தது.

நானும் மாஸ்டரும் முறத்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோனோம். ஆறு மணிக்குக் கெட்டிப் பாலில் டீ போடச் சொன்னேன். மல்லாட்டை மேல் பால் டீ விழுந்தால் வயிறு கதவைச் சாத்திக்கொள்ளும். பந்தலில் கால் வைக்க முடியாமல் தோல் குவிந்தது. தட்டு மாற்றினார்கள், பொட்டு வைத்தார்கள், குலவை போட்டார்கள். என் மகள் தலை நிமிரவில்லை, மாப்பிள்ளை மட்டும் ரெண்டு மல்லாட்டையைப் பிதுக்கிக் கைக்குட்டையில் வைத்து அவளுக்குக் கொடுத்தனுப்பினார். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது.

ஏழேகாலுக்கு முதல் பந்தி.  சோற்றுக் கூடையோடு நான் பின்னால் நிற்க, பிள்ளைகள் பரிமாறினார்கள்.

"போதும்ங்க, போதும்."

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"அய்யய்யோ, வாணாம். சாம்பாருக்கே எடமில்ல."

எல்லா இலையிலும் இதே பேச்சு. மல்லுக்கட்டி வந்த அந்த கேங்க் ஆட்கள், வீட்டில் ஒரு படி அரிசிச் சோற்றை ஒரு வேளையில் தீர்க்கிறவர்கள், ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி மோர் என்று எழுந்து போனார்கள். மூன்று பந்தியும் முடிந்தது. எட்டிப் பார்த்தால் சாம்பார் குண்டானில் கால் பாகம் நிற்கிறது. வடை ஒரு தட்டு மீதி. மாஸ்டர் அண்டாவைத் தொட்டுக் கும்பிட்டார். என் வீட்டுக்காரர் பாயசத்தை டம்ளரில் ஊற்றி எனக்கே கொண்டுவந்து கொடுத்தார், கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். இனி யாரும் எங்களைச் சோறு பத்தாத வீடு என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் குழாயடியில் அந்தப் பேச்சு கேட்டது. சம்பந்தியம்மாவும் அவருடைய நாத்தனாரும், அதாவது மாப்பிள்ளையின் அத்தை, கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் படலுக்கு இந்தப் பக்கம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"என்னா, ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்கல?" இது சம்பந்தி. "நம்ம ஆளுங்க இப்டி எழுந்திரிக்க மாட்டாங்களே."

"ருசி இருந்தா கேப்பாங்க" என்றாள் அத்தைக்காரி. "சாம்பாரு அப்டியே குண்டானோட நிக்குது, பாத்தியா? ஆத்தா கைப்பக்குவம் இப்டின்னா பொண்ணு கைல என்னா வரும்? பையன் எளச்சிடப்போறான்."

பாயச டம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்தச் சாம்பாரை மாஸ்டரிடம் விடவில்லை நான். பொடி என் வீட்டில் வறுத்து அரைத்தது. தாளிப்பு என் கையால் கொட்டியது. என்னை எதைச் சொன்னாலும் பொறுப்பேன், என் கைப்பக்குவத்தைச் சொன்னால்? அதுவும் என் மகள் தலையில் அதை ஏற்றினால்?

வாயைத் திறந்தால் சோறு பத்தாத கதை வெளியே வரும். மூடினால் ருசி கெட்ட வீடு என்று குள்ளஞ்சாவடி வரைக்கும் வேனிலேயே பேசிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "கம்முனு இரு, தே. பொழச்சோம்னு வுடு" என்று புடவைத் தலைப்பைப் பிடித்தார். பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

"சம்மந்தி, ஒரு நிமிசம். எஞ்சாம்பாருக்கு ருசி இல்லன்னு நெனச்சிகினு நீங்க வேன் ஏறக் கூடாது."

 நான் நிறுத்தவில்லை.

"நூத்தம்பது எலைக்குத்தான் பொங்கனன். வெள்ளிக்கெழம ஷிப்டுக்கு எண்ணிட்டு திங்கக்கெழமைக்கு ஆள் கூப்ட்டோம். உங்க கேங்கு மொத்தமா வந்து எறங்குச்சு. பத்தாதுன்னு தெரிஞ்சுதான் மல்லாட்டைய அவிச்சுப் போட்டு வயித்த ரொப்புனன். பதினெட்டு வருசம் தீனி வித்தவ நானு. எதப் போட்டா எவ்ளோ சோறு எறங்கும்னு எனக்குத் தெரியும். சாம்பாரு மீந்தது ருசி இல்லாம இல்ல, எடம் இல்லாம."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தது. அப்புறம் மெல்லத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தது. அத்தைக்காரி புடவை மடியை ஒரு கையால் பிடித்திருந்தாள். சம்பந்தி அந்தக் கையைத் தட்டிவிட்டது. மடியிலிருந்து மல்லாட்டைத் தோல் பொலபொலவென்று கொட்டியது. ஒரு படி இருக்கும். பந்தலில் தின்றதின் தோலைக் கீழே போடக் கூச்சப்பட்டு மடியிலேயே கட்டிவைத்திருந்தாள்.

"அடிப்பாவி" என்றது சம்பந்தி. "இவ்ளோத்த துன்னுட்டுத்தான் ருசி இல்லன்னியா?"

"மல்லாட்ட நல்லா இருந்துச்சி அண்ணி, நான் என்னா பண்ணுவன்?"

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நானு தட்டு வரிசையப் பாத்துகினு இருந்ததுல ஒரு மல்லாட்டகூடத் தொடல சம்மந்தி. எனக்கு சாம்பாரு தேவாமிர்தமா இருந்துச்சு. மூணு தரம் வாங்கனன். நமக்கு மட்டும் எப்டி ருசியா இருக்குது, இவங்களுக்கு ஏன் இல்லன்னு எனக்கே கொழப்பம். எங்க வூட்டுக்காரரு மோரு வாணாம்னு சொன்னதும் ஒடம்புக்கு ஏதோ வந்துடுச்சின்னு பயந்தே போய்ட்டன்."

"பத்தலன்னு சொன்னதுக்கு நீங்க ஒண்ணும்..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"எங்க பத்தல? குண்டானோட நிக்குதுல்ல? பத்தாம போறத மிச்சம் ஆக்கற பொம்பளை வூட்ல பொண்ணு எடுக்கறன், நான் எதுக்கு வருத்தப்படணும்?" என்றது சம்பந்தி. "அந்த சாம்பார ஒரு தூக்குல ஊத்துங்க. இவளுக்குப் பசி வந்ததும் நாளைக்கு ருசி தெரியட்டும்."

பெரிய தூக்கில் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த மிக்சர் டின்னையும் வேனில் ஏற்றினேன், பிள்ளைகள் வழியில் கொறிக்கட்டும் என்று.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும், போன் வந்தது. அத்தைக்காரிதான்.

"அண்ணி, இட்லிக்கு ஊத்தனோம். தூக்கு காலி. எங்க அண்ணன் அடியில இருந்த பருப்ப வெரலால வழிக்கிறாரு. அந்தப் பொடி எப்டி அரைக்கிறீங்க?"

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கலைந்த தலையோடு மீந்த வடையைத் தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். போனில் குரலை உயர்த்திச் சொன்னேன்:

"எனக்கென்னா தெரியும்மா? அத வறுத்து அரைச்சது உங்க வூட்டுக்கு வரப்போற மருமவதான்."

 அந்தப் பக்கம் "அப்டியா? அப்ப சரி, அப்ப சரி" என்று குரல் இறங்கி வந்தது.

போனை வைத்ததும் மகள் வாயில் வடையோடு கத்தினாள். "எம்மா! நான் எங்கம்மா வறுத்தன்? நீ வறுக்கும்போது பக்கத்துல நின்னு போன் பாத்துகினு இருந்தன்."

"நின்னல்ல? அது போதும். கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. எழுந்து போயி பொடிக்குக் கொத்தமல்லிய வெயில்ல கொட்டு."